முதல் அடி

லிஃப்ற்றில் என் பின்னால் ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டு நின்றான். அக்கா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமோ இரவல் வாங்கிவந்த இடியப்ப உரல் அவர் கையில் இருந்தது. அதால் அவன் வாயில் ஒரு அடி. அவன் சுவரோடு சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு கீழே இருந்துவிட்டான். விரல்களுக்கு நடுவால் இரத்தம் வந்தது. எங்கள் மாடி வந்ததும் அக்கா அவனுடைய காலைத் தாண்டி வெளியே வந்து, உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல காலம், நெளியேல்லை," என்றார்.

நான் கனடாவுக்கு வந்த புதிது. ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி அவர் இருந்தார். அதுவரை கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான். பாவம், அவன் வேண்டுமென்று செய்தானோ தெரியாது, தெரியாமல் முட்டியிருக்கலாம் என்று இழுத்தேன். அந்த லிஃப்ற்றில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யார் நின்றது, இடமில்லாமலா அவன் உன் முதுகில் நின்றான் என்று அக்கா கேட்டார். பிறகு ஒரு வசனம் சொன்னார். அதை அவர் வாயால் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

"அடிக்கிறதெண்டால் முதல் அடிக்கவேணும். அவன் அடிச்சாப்பிறகு நீ அடிக்கிறது அடியில்லை, அழுகை."

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் அவரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததுதான் எல்லாம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அவர் அக்கா. கட்டையான, மெலிந்த பெண். குளிர்காலத்தில் மனுசனுடைய கோட்டைப் போட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பார். மெதுவாகத்தான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், பிறகு பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் விலகிக்கொள்வது நல்லது.

அவருடைய மனுசன், எனக்கு அண்ணை, சாதுவான ஆள். செக்கியூரிற்றி வேலை. கலியாணம் முடித்த புதிதில், அடுப்படியில் நின்ற அக்காவைப் பின்னால் வந்து ஆசையாகத் தோளில் தொட்டிருக்கிறார். அக்கா திரும்பிய வேகத்தில் அவருடைய முன்பல் ஒன்று போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் இருமப் பழகிக்கொண்டார்கள். அண்ணை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதென்றாலும் வாசலில் நின்று ஒருதரம் இருமுவார். மகன் பள்ளிக்கூடத்தால் வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதலே, "அம்மா, இற்ஸ் மீ," என்று குரல் கொடுப்பான். அங்கே போய்வந்து போய்வந்து நானும் என் வீட்டில் இருமத் தொடங்கினேன். தடிமன் பிடித்துவிட்டதோ என்று என் மனுசன் கேட்டார்.

பிறகு நாங்கள் இருவரும் வோபர்ன் பக்கத்தில் ஒரு பாண் பேக்கரியில் வேலைக்குப் போனோம். பெல்ற்றில் வரும் பணிசுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. எங்கள் வரிசையில் ஒரு பிலிப்பீனோ பெண் நின்றாள், பேசவே மாட்டாள். அங்கே இருந்த சுப்பவைசருக்கு அவளுடைய முதுகுக்குப் பின்னால் உள்ள இடுக்கால்தான் எப்போதும் போகவேண்டியிருந்தது. போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவான். எல்லோரும் கண்டோம். எல்லோரும் பணிசை அடுக்கினோம். ஒரு நாள் அவள் அடுக்கிக்கொண்டே அழுவதை அக்கா கண்டார். அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து வந்து ஆறவைத்திருந்த இரும்புத் தட்டு ஒன்றைக் கையுறையோடு தூக்கிவந்து, அவன் அடுத்த தரம் அந்த இடுக்கில் நுழைந்தபோது பிடரியில் போட்டார். அவன் பெல்ற்றில் குப்புற விழுந்தான். தட்டு இன்னும் ஆறவில்லை. தோல் சுட்ட மணம் பாண் மணத்தோடு வந்தது. பெல்ற் அவனைக் கொஞ்சத் தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது.

பொலிஸ் வந்தது. அந்தப் பெண் முதல்தரமாக வாயைத் திறந்து, நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் முறைப்பாடு செய்யத் துணியவில்லை; பேக்கரிக்காரர் கதை வெளியே போகாமல் அக்காவையும் அவனையும் வேலையால் நிறுத்திப் பிரச்சினையை முடித்தார்கள். நான் கூடவே வேலையை விட்டேன். அதைப் பெரிய வீரமாக நான் அக்காவிடம் சொன்னபோது, இரண்டு பேரும் வேலையில்லாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்று ஏசினார்.

இதையெல்லாம் கேட்டு அவரை ஒரு காவல் தெய்வம் என்று நினைக்கவேண்டாம். அவருடைய அடி எப்போதும் சரியான ஆளில் விழுந்ததில்லை. மகனுக்குப் பதினைந்து வயதளவில், பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்து உதடு வீங்கி வீட்டுக்கு வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். ஐஸ்கட்டி எடுக்க நான் எழும்ப முதலே அக்கா அவனுடைய கன்னத்தில் அறைந்தார். வீங்கின பக்கத்திலேயே.

"நீ ஏன் முதல் அடிக்கேல்லை?"

அவன் அழவில்லை. "எனக்கு அடிக்க விருப்பமில்லை அம்மா," என்றான். பிறகு ஆங்கிலத்தில், "ஐ டோன்ற் வோன்ற் ரு பீ யூ," என்றான். அக்கா மறுபடியும் கையை ஓங்கினார். நான் நடுவில் போனேன், அந்த அடி என் காதில் விழுந்தது. பின்னேரம் முழுக்க அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்தது. சில வருடம் கழித்து மகன் பல்கலைக்கழகத்துக்கு, விமானத்தில் போகவேண்டிய தூரத்திலுள்ள கல்கரியைத் தெரிவுசெய்தான். ரொறன்ரோவில் இல்லாத எந்தப் படிப்பு அங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன் போன பிறகு நான் கொஞ்சக் காலம் அக்காவோடு பேசாமல் இருந்தேன். அவரும் வலிய வரவில்லை. ஒருநாள் நான்தான் போனேன். அவரில்லாமல் எனக்கு இந்த ஊரில் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

காலம் போனது. நாங்கள் இரண்டு குடும்பமும் மோர்னிங்சைட் பக்கம் வந்துவிட்டோம். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு சித்திரை மாதம், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போவோமா என்பதுபோலக் கேட்டார்.

"போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்குப் போகப்போறன். வாறியோ?"

எங்கே இருக்கிறது அது என்றே எனக்கு உடனே பிடிபடவில்லை. ட்ரினிடாட்டின் தலைநகரம் என்றார். கடற்கரை, வெயில், குடை போட்ட கதிரை என்று நான் நினைத்தேன். அக்காவோடு போனால் பயமில்லை என்று என் மனுசன் சிரித்தார்.

முதல்நாள் காலையிலேயே அக்கா ரக்சிக்காரரிடம் மீன் இறக்கும் துறைக்குப் போகச் சொன்னார். எங்கள் ஆட்களின் முகம் உள்ள வயதான மனிதர். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, புதிதாகக் கட்டிய கரையோரத்தில் எங்களை இறக்கிவிட்டார். கண்ணாடிக் கட்டிடங்கள், பெரிய ஹோட்டல், மற்ற ஊருக்குப் போகும் படகுத்துறை, இரண்டு இரண்டாக நடக்கும் பொலிஸ்காரர். கடல் மட்டும் நீலமில்லை, மண்நிறம். அக்கா அந்தக் கட்டிடங்களைத் திரும்பியும் பார்க்காமல் கிழக்கே நடந்தார். நான் பின்னால் போனேன். பின்னால் இல்லை, பக்கத்தில். அவருக்குப் பின்னால் நடக்கக்கூடாது என்பது எனக்குப் பழகியிருந்தது.

கொள்கலன் பெட்டிகள் அடுக்கிய முற்றங்களைத் தாண்டினோம். பெரிய நெடுஞ்சாலை ஒன்றை ஓடிக் கடந்தோம். அதற்கு அங்கால் ஊர் மாறிவிட்டது. தகர வேலிகள், கவிழ்த்துப்போட்ட வள்ளங்கள், வெயிலில் காயும் வலைகள். மீன் குடலுக்காகக் கூரைகளில் கறுத்தப் பிணந்தின்னிக் கழுகுகள் வரிசையாக இருந்தன. கொட்டங்காய் மரத்தின் கீழ் நாலைந்து ஆண்கள் டொமினோ விளையாடினார்கள். கட்டையை மேசையில் அறையும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா ஒவ்வொருவருக்கும் முதலில் 'குட் மோர்னிங்' சொன்னார். இந்த ஊரில் அதைச் சொல்லாமல் ஒன்றும் கேட்கக்கூடாது என்று எனக்கும் சொல்லித்தந்தார். அவருக்கு இது எப்படித் தெரியும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

மரத்துக்குக் கீழே இருந்த வாங்கில் கொஞ்சநேரம் இருந்து களைப்பாறினோம். அங்கிருந்து ஒரு ஒழுங்கைக்குள் போனோம். படகு எஞ்சின் திருத்தும் முற்றம் ஒன்றின் முன்னால் அக்கா நின்றார்.

"இஞ்சதான் அந்த வீடு இருந்தது," என்றார்.

இருபத்திரண்டு வயதில் கனடாவுக்கு வரும் வழியில், கள்ளவழியால் ஆள் அனுப்பும் ஏஜென்ற் அவரையும் வேறு சிலரையும் இந்த இடத்தில் ஒரு பலகை மேல்வீட்டில் மாதக்கணக்காக அடைத்து வைத்திருந்திருக்கிறான். காவலுக்கு ஒருவன். எங்கள் ஊர் ஆள்தான், முப்பது வயதிருக்கும். எல்லாப் பெண்களையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவானாம். ஒருநாள் மற்றவர்களைப் பாஸ்போட் படம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். அக்காவுக்குக் காய்ச்சல், அதனால் போகவில்லை. பட்டப்பகல். அவன் கதவைச் சாத்தினான். தலையைச் சுவரில் மோதினான். அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"எல்லாம் முடிய அவன் மேசையில இருந்து பாணைப் பிய்ச்சுத் தின்னுகொண்டிருந்தான்," என்றார். "எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தங்கச்சி, எனக்கொரு தேத்தண்ணி போடும் எண்டான்."

அடுப்படியில் இளநீர் வெட்டும் கத்தி இருந்தது. நீளமான கத்தி. தேத்தண்ணி போடப் போனவர் அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பின்னால நிண்டுதான் வெட்டினனான். அவனுக்குத் தெரியவே தெரியாது."

தலையின் ஒரு பக்கமும் தோளும் பிளந்து, அவன் பாணுக்கு மேலே விழுந்தான். அக்கா படியால் ஓடிவந்து மண்ணில் விழுந்தார். கீழே ஒரு பெண் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கறுப்பினப் பெண், அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவள். இரத்தத்தில் குளித்து வந்தவளைக் கண்டு அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். தன் சகோதரனின் மீன் வானில், பெட்டிகளுக்கு நடுவில் படுக்கவைத்துப் படங்கால் மூடினாள். அன்றே வான் தெற்கே போய்விட்டது. அங்கே ஒரு குடும்பம் அக்காவை வைத்திருந்து, வேறொரு வழியால் கனடாவுக்கு அனுப்பியது.

அவன் செத்துவிட்டானா என்று கேட்டேன்.

"செத்தவன்தான். அவ்வளவு இரத்தம்." அக்கா முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கொலை செய்தவளுக்குப் பிறகு என்ன பயம், சொல்லு பாப்பம்? அதுதான் நான் ஒருத்தருக்கும் பயப்படுறேல்லை. ஆனால் அந்த மனுசி என்னால பொலிசில பிடிபட்டு மறியலுக்குப் போனவவோ எண்டு பாக்கவேணும். அதுக்குத்தான் வந்தனான்."

அப்போதுதான் யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. ஒரு கறுத்தக் கை பின்னாலிருந்து அக்காவின் தோளைத் தொட்டது. அக்காவிடம் இரும்புத் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவர் திரும்பியதை நான் காணவில்லை, எலும்பு உடைந்த சத்தத்தைத்தான் கேட்டேன். ஒரு ஆண் மூக்கைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான். அவனுடைய மற்றக் கையில் என் குடை இருந்தது. வாங்கில் நான் விட்டுவிட்டு வந்த குடை.

டொமினோ ஆட்டம் நின்றது. வள்ளங்களுக்குப் பின்னாலிருந்தும் வேலிகளுக்குள்ளிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவன் கையில் துடுப்பு. யாரோ என் கழுத்துப் பட்டியைப் பிடித்து வேலியோடு தள்ளினார்கள், தகரத்தின் விளிம்பு முதுகைக் கிழித்தது. குடையைக் கொடுக்கத்தானே வந்தேன் என்று விழுந்தவன் மூக்கால் இரத்தம் வடிய வடியச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை விளங்கிக்கொண்டதும் அக்கா போத்தலைக் கீழே போட்டார். சொறி, சொறி என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. துடுப்பால் அவருடைய காலில் அடித்தார்கள். விழுந்தார். விழுந்தவரின் விலாவில் ஒரு உதை. அவர் கையைத் தூக்கவேயில்லை, ஆனால் உதைத்தவனின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

மீன் செதில் ஒட்டிய கத்தியோடு, தலை நரைத்த ஒரு கறுப்பினப் பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் ஒரு அதட்டு அதட்டத் துடுப்புக்காரன் பின்வாங்கினான். மூக்கு உடைந்தவன் அவளுடைய தங்கையின் மகன். அவனை முதலில் பார்த்தாள். பிறகு நிலத்தில் கிடந்த அக்காவைக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"மேல்வீட்டுப் பெண்ணா நீ?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டாள். "அன்றைக்கும் இந்த மண்ணில் விழுந்து கிடந்து இப்படித்தான் முறைத்தாய்."

அக்கா அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவள் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தங்கை மகனின் மூக்குக்கும் அக்காவின் விலாவுக்கும் ஒரே பாத்திரத்து ஐஸைத்தான் வைத்தாள். தான் மறியலுக்குப் போகவில்லை என்றாள். போவதற்குக் காரணமும் இருக்கவில்லை. அக்கா போன பிறகு மேலே ஏறிப் பார்த்திருக்கிறாள். அவன் அசைந்திருக்கிறான். பிணம் ஒன்று கிடந்தால் பொலிஸ் முழுத் துறையையும் கிண்டும் என்று, ஆட்களைப் பிடித்து அவனை ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இடது காதில் பாதி போனது. தோள் தைக்கப்பட்டது. ஆள் பிழைத்துவிட்டான்.

"உயிரோடையோ?" என்று அக்கா தமிழிலேயே கேட்டார். அவளுக்கு விளங்கியது.

கனடாவுக்குப் போய்விட்டான், நீங்கள் இருக்கிற ரொறன்ரோவுக்குத்தான் போனான் என்றாள் அவள். போவதற்கு முன் கட்டுப்போட்ட தலையோடு இங்கே வந்து, அந்தப் பெண் எங்கே என்று கேட்டு மிரட்டினான். துறையிலிருந்து கடலில் குதித்துச் செத்துவிட்டாள், உடலை மீன் தின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பினேன் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய், வேலிக்கரையில் வாந்தி எடுத்தார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த அக்கா வேறு ஆள். கொலைகாரி என்ற நினைப்பில்தான் அவர் இவ்வளவு காலமும் நிமிர்ந்து நடந்திருக்கிறார். அந்த நினைப்பை அங்கே பறித்துவிட்டார்கள். அவன் உயிரோடு இருக்கிறான், இதே ஊரில் இருக்கிறான், இத்தனை வருடமும் இதே கடைகளில் மரக்கறி வாங்கியிருக்கிறான். அக்கா கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். தமிழ்க் கடைக்குப் போவதை விட்டார். போனாலும் ஆண்களின் இடது காதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பஸ்ஸில் ஒருவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தான், அவன் இறங்கும்வரை என் கையை நெரித்துக்கொண்டு இருந்தார். நகம் பதிந்த இடம் கறுத்துப்போனது. இந்த ஊரில் யாரையும் எதற்கும் அடிக்கக்கூடிய ஒருத்தி, கதவுமணி அடித்தால் சாமியறைக்குள் போய் நின்றாள்.

அவரை வெளியே இழுத்துவரவேண்டும் என்றுதான் நான் அந்தப் பிறந்தநாள் விழாவுக்குக் கூட்டிப்போனேன். என் மனுசனோடு வேலை செய்யும் ஒருவரின் சம்பந்திக்கு அறுபது வயது. ஸ்காபரோவில் பார்ட்டி ஹோல், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. எங்களுக்கு அவரை முன்பின் தெரியாது. நாங்கள் போகப் பிந்திவிட்டது, பின்மேசை ஒன்றில் இடம் கிடைத்தது. நரைத்த முடியைக் காதை மூடி வளர்த்திருந்த, வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் கேக்குக்குப் பக்கத்தில் மனைவியோடும் பெண்பிள்ளைகளோடும் நின்றார். நண்பர் ஒருவர் மைக்கைப் பிடித்துப் புகழ்ந்துகொண்டிருந்தார். எத்தனை சித்திரவதை பட்டவர், ஆமிக்காரன் முகாமில் வைத்துக் காதையே வெட்டினான், ஆனால் இவருடைய வாயை வெட்ட முடியவில்லை, இன்றைக்கும் மேடைகளில் பேசுகிறார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மனிதர் அடக்கமாகத் தலையைச் சாய்த்து, முடியை ஒதுக்கிக் காட்டினார்.

அக்கா தன் ரோல்ஸ் தட்டை என் மடியில் வைத்தார். எழுந்து நடந்தார். கேக் வெட்டும் கத்தி மேசையில் கிடந்தது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. எழும்ப முயன்றேன், தட்டுச் சரிந்தது.

அக்கா கத்தியைத் தொடவில்லை. வாழ்த்த வருகிறார் என்று நினைத்து அந்த மனிதர் கையை நீட்டினார். நண்பரின் மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது. அக்கா மெதுவாகத்தான் சொன்னார், ஹோல் முழுக்கக் கேட்டது.

"உந்தக் காதை வெட்டினது ஆமி இல்லை. நான்."

அவர் சிரித்தபடியே அக்காவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. கால்கள் பின்னுக்குப் போய் மேசையில் முட்டின.

"நீ கடல்ல விழுந்து செத்தனியெல்லே?" என்றார்.

அதுவும் மைக்கில் கேட்டது.

அந்த மனிதருடைய தம்பி வந்து அக்காவின் தலைமயிரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அக்கா முழங்கையால் அவனுடைய தொண்டையில் அடித்தார். அடுத்ததெல்லாம் ஒரே கலவரம். அக்காவின் முகத்தில் குத்து விழுந்தது, கதிரை பறந்தது, பிள்ளைகள் கத்தின. நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது, யாருடைய கையையோ கடித்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் வந்தபோது அக்கா ஒரு கண் மூடி, வாயால் இரத்தம் வடிய, சுவரோடு நின்றார். அந்த மனிதர் கேக் மேசைக்குக் கீழே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை, குடும்பச் சண்டை, முறைப்பாடு இல்லை என்று பொலிசிடம் கெஞ்சினார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வேறு நாட்டில் எப்போதோ நடந்தது, அதை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு பலர் அக்காவை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. பொய் என்றார்கள் சிலர். உண்மையென்றாலும் ஒரு நல்லநாளில் சொல்லவேண்டுமா என்றார்கள் இன்னும் பலர். அந்த மனிதரை மேடைகளில் காணவில்லை. அக்கா மேலதிகப் பூட்டைக் கழற்றிவிட்டார். கல்கரியிலிருந்த மகனுக்கு ஃபோன் எடுத்துப் பேசினார், நெடுநேரம் பேசினார். அவன் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினான். தாயும் மகனும் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாரி கழித்து, பஸ்சுக்கு நின்ற இடத்தில் நெஞ்சடைத்து அக்கா போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு அதிகம் பேர் வரவில்லை. நான் தலைமாட்டில் நின்றேன். வெளியே நல்ல பனி. கடைசியில், கிரியை முடியும் நேரத்தில், ஒரு பெண் தனியாக வந்தார். எங்கேயோ கண்ட முகம். சப்பாத்திலிருந்த பனியைக் கால்மிதியில் தட்டிவிட்டு, வரிசையில் நின்று வந்து பூப் போட்டார். பக்கத்தில் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் கேக்குக்குப் பக்கத்தில் நின்ற மனிதரின் மனைவி. என்ன சொல்ல வந்திருக்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இப்ப மூத்தவளோட இருக்கிறன்," என்றார். "விட்டிட்டு வந்திட்டன்."

நான் தலையாட்டினேன்.

"முப்பது வருசம் அந்தாளோட இருந்தனான், தங்கச்சி. அந்தாளுக்கும் ஒருத்தி அடிக்கலாம் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது."